நாற்பது காலை

போலீஸ் கேட்டது போனின் பில்லை,
அட்டைப்பெட்டி மேல் இருந்த பதினைந்து இலக்கத்தை.
ஸ்டான்லியில் கேட்டார்கள், எந்தப் பக்கமாய் விழுந்தாய் என்று.
அறிக்கையில் நான் முதல் சாட்சி.
என் மணிக்கட்டு ஒரு இணைப்பு:
எக்ஸ்ரே, தாள் ஒன்று.

அவனுக்குப் பதினேழு வயது.
பெயரை வெளியே சொல்லக் கூடாதாம், சட்டம்.
சரி. சொல்லவில்லை.
என் பெயர் எப்சிபா.
அதை மறைக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை,
கேட்கச் சொல்லியும் இல்லை.

ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு.
விடியும் முன்பே வெறும் வயிற்றோடு காத்திருப்பார்கள்
சர்க்கரைக்காரர்கள், மாசமாய் இருப்பவர்கள்.
எவ்வளவு வற்றிய கையிலும்
முதல் குத்திலேயே நரம்பு பிடிப்பேன்.
இப்போது இரண்டாவது, மூன்றாவது.
"என்னம்மா, வேலைக்குப் புதுசா?" என்கிறார்
ஆறு வருடமாய் என்னிடம் கை நீட்டுகிற
ரயில்வே பென்ஷன்காரர்.

கெல்லீஸில் ஒரு அறை.
மேசையை வராந்தாவில் தூக்கிப் போட்டிருந்தார்
நன்னடத்தை அலுவலர் பூங்கோதை.
ஐந்து நாற்காலி, வட்டமாக.
ஒன்றுக்குக் கால் ஆடியது.
அதில் அவனுடைய அம்மா உட்கார்ந்திருந்தாள்,
ஆடாமல்.

"உங்களுக்கு என்ன ஆச்சு, அவங்கிட்ட சொல்லுங்க."

எட்டு மாதமாய் சேர்த்து வைத்திருந்தேன் வசவு,
மழைக்கு கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்புகிற மாதிரி
கழுத்து வரைக்கும்.
வாயைத் திறந்தால் ஊசிதான் வந்தது.
கை நடுங்குவது. மூன்றாம் குத்து.
பால்காரர் வண்டிச் சத்தத்துக்கே
சுவரோடு ஒட்டி நின்றுவிடுவது.
பின்னல் போட முடியாமல்
முடியைக் கத்தரித்துக்கொண்டது.

எவ்வளவுக்கு வித்தே என்றேன்.
ஆயிரத்தி எந்நூறு.
பணத்த என்ன பண்ணே.
பெட்ரோல். பிரியாணி. மிச்சத்த
வண்டி ஓட்டனவன் எடுத்துக்கினான்.
நீ வுழுந்தத நான் பாக்கலக்கா,
சத்தம் மட்டும் கேட்டுச்சு.

கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே:
இல்ல. பாத்தேன்.

இதற்காகத்தான் எட்டு மாதம் காத்திருந்தேனா, தெரியாது.
மன்னிக்கவில்லை.
அதையும் தாளில் எழுதச் சொன்னேன்.
பூங்கோதை மேடம் எழுதினார்.

அதற்குக் கீழே ஒப்பந்தம்:
நாற்பது காலை, ஐந்தரை மணிக்கு,
லிஃப்ட் ஓடாத ஹவுசிங் போர்டு மாடிகளில்
என் ஐஸ் பெட்டியை அவன் தூக்க வேண்டும்.

என் அண்ணன் கேட்டான், இதெல்லாம் ஒரு தண்டனையா?
உள்ளே வைத்து நாலு சாத்து சாத்தாமல்?
அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.
அவன் ஒரு நாளும் வந்து அந்தப் பெட்டியைத் தூக்கியதில்லை,
அதுவும் இருக்கிறது.

பதினோராம் நாள் பையன் வரவில்லை.
நான் யாருக்கும் போன் செய்யவில்லை.
நானே தூக்கிக்கொண்டு போய்
நாலாம் மாடிப் படியில் உட்கார்ந்து அழுதேன்,
கை வலியில்தான்.
மறுநாள் வந்தான். அம்மாவுக்கு ஜுரம் என்றான்.
பொய்யாகவும் இருக்கலாம்.
"நேத்தையத கடைசில சேத்துக்கக்கா" என்று
பெட்டியை வாங்கிக்கொண்டான்.

ரத்தம் பார்த்தால் ஆகாது அவனுக்கு.
ஊசி ஏறும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான்.
குழாய்களில் பெயர்ச் சீட்டு மட்டும்
கோணாமல் ஒட்டுகிறான்.
மூன்றாம் பிளாக்கில் பாதிப் பேரை
பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான் இப்போது.

இன்று இருபத்தியாறு.
பேரக்ஸ் ரோட்டில் இன்னும் இருட்டு பிரியவில்லை.
பின்னால் ஒரு பைக் வேகத்தைக் குறைக்கிறது.
சட்டென்று திரும்பிப் பார்க்கிறோம்,
இரண்டு பேரும்.

நான் ஏன் என்று அவனுக்குத் தெரியும்.
அவன் ஏன் என்று
நான் இன்னும் கேட்கவில்லை.