ஒட்டாத மாவு

லார் நகரில், நாலாம் மாடியில்,
மாவு சேரும் முன்பே எண்ணெய் காய வைத்துவிட்டாள்
அவசரக்காரி ஸினைதா.

இருபத்திரண்டு வருடம் ரொட்டி ஆலையில்
மாவுத் தூசி தின்ற எடுவார்டுக்கு
இனிக் கோதுமை ஆகாதாம்.
எனக்கு இறைச்சி ஆகாது.
இரண்டு ஆகாதுகளுக்கும் சேர்த்து
இன்று பிரோஷ்கி.

அரிசி மாவு, உருளைக்கிழங்கு மாவு,
இரண்டு கரண்டி இசப்கோல்.
உருட்டினால் விரிசல், மடித்தால் பிளவு.
"இது மாவில்லை, மணல்" என்றாள்
ரஷ்யனில் பாதி, ஜெர்மனில் மீதி.

கொதிநீர் கேட்டு வாங்கி
கொழுக்கட்டைக்குக் கிளறுகிற மாதிரி
கரண்டிக் காம்பால் கிளறி
ஈரத்துணி போட்டு மூடினேன்.
பத்து நிமிடம் சும்மா இருக்கத் தெரியாமல்
கழுவிய கரண்டிகளையே கழுவினாள்.

உள்ளே முட்டைக்கோஸ், காளான், சதகுப்பைக் கீரை;
அவள் திரும்பியிருந்தபோது
ஒரு பச்சை மிளகாய்.

முதலாவது வாய் பிளந்தது.
இரண்டாவது எண்ணெயில் கோஸைக் கக்கியது.
மூன்றாவது மேலெழுந்து
பொன்னிறமாய்ப் புரண்டு படுத்தது.

அதைத் தட்டில் வைத்து
பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.
வந்தவன் தட்டைப் பார்க்கவில்லை.
உடைந்த இரண்டையும்
அடுப்படியில் நின்றே தின்றான்,
விரலில் ஒட்டிய துணுக்கு உட்பட.

பிறகு இருமினான்.
"என்ன போட்டாய் இதில்?"
மனைவியைத்தான் கேட்டான்.

புகை ஒன்றுமில்லை.
ஆனாலும் ஜன்னலைத் திறக்கப் போனேன்.