ஒன்பது தசம் நான்கு

நாடாவின் ஒரு நுனி நகைக்கடைப் படியில், என் சப்பாத்தின் கீழ்.
மறு நுனியோடு எதிர்ப்பக்கம் நின்று
றெஜினோல்ட் கத்துகிறான்:
"ஒன்பது தசம் நாலு, மிஸ்.
வாய்க்கால் மூடியையும் சேர்த்தால்."
சேர்த்தே எழுதுகிறேன்.

கொழும்பு அனுப்பிய மாதிரிப் படத்தில்
வீதி பதினெட்டு மீற்றர்.
நடப்பவருக்கு ஒரு கரை, மிதிப்பவருக்குப் பச்சை,
நடுவில் நிழலுக்கு மரங்கூட.
அதில் பாதிதான் கஸ்தூரியார் வீதி.

மரத்தை முதலில் அழித்தேன்.
பிறகு கார் நிறுத்தும் கட்டங்களை.
கடைக்காரரின் மனு வந்தது,
கட்டங்களைத் திரும்பக் கீறினேன்.
நடைபாதை ஒடுங்கி ஒடுங்கி
புடவைக்கடை வாசலில் நிற்கும்
பொம்மையின் தோளகலத்துக்கு வந்துவிட்டது.

கோப்பின் முதல் தாள் பொலிஸ் அறிக்கை.
போன ஆனி, இதே முடக்கு.
சைக்கிளின் நிறத்தையும் எழுதியிருக்கிறார்கள்:
ஊதா.

காலை ஏழிலிருந்து எண்ணுகிறோம்.
நான்கு கோட்டின் குறுக்கே ஐந்தாவது.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூன்று மூன்றாய் வருகிறார்கள்,
ஒருத்தியின் கை மற்றவளின் ஹான்டிலில்.
என் பச்சைக் கோட்டுக்குள்
ஒருத்திதான் கொள்ளுவாள்.
மற்ற இருவரின் கதை
எந்த ஒழுங்கையால் போகும்?

ஏழு நாற்பத்திரண்டு.
கரியரில் காஸ் சிலிண்டர், கயிற்றுக் கட்டு;
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாறா ஒரு அம்மா.
பேனை நின்றுவிட்டது.
"நடைதான் மிஸ், அவ ஏறேல்லையே."
"சில்லு உருளுதே, றெஜி."

அவ எங்களிடமே வந்து நின்றா.
"காத்துப் போட்டுது பிள்ளை,
ஒட்டுற கடை எந்தப் பக்கம்?"
கை காட்டினேன்.
காட்டிய திசைக்கு
மூலைவிட்டமாய் இறங்கினா,
ஒரு ஹயேஸ், இரண்டு ஓட்டோ,
கோன் அடித்தபடியே ஒரு மினிபஸ்
எல்லாம் நிற்க,
என் படத்தில் இல்லாத கோடொன்று
வீதியைக் கடந்து போனது.

இரு கட்டங்களுக்கும் நடுவில்,
பிரிக்கிற கோட்டின் மேலேயே,
அவவுக்கு ஒரு கோடு.
மேலதிகாரி கேட்பார். கேட்கட்டும்.

நாடாவைச் சுருட்டும்போது பார்த்தோம்,
மினிபஸ் ஏறி
ஏழாம் மீற்றரில் நெளிந்திருக்கிறது.
"புதுசு எடுக்க வேணும், மிஸ்.
இனி இது எந்த றோட்டையும்
கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்."

வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.