இருபது நிமிடக் கடன்

மின்விசிறி சுற்றுகிறது. விளக்கு எரிகிறது.
திரை மட்டும் வாய் திறக்கவில்லை.

கிளைப்பேடா துறைமுகத்தில் பிப்ரவரி.
சுழியத்துக்குக் கீழே பதினான்கு.
காலை ஆறுக்குள்
காயலின் பனி வரைபடத்தை அனுப்பியாக வேண்டும்:
எங்கே ஓரடி தடிமன்,
எங்கே ஒரு விரற்கடை,
எங்கே கால் வைத்தால் ஆளே இருக்கமாட்டார் என்று.
பனியில் துளைபோட்டு ஸ்டிண்டா பிடிப்பவர்கள்,
வெள்ளரிக்காய் வாசமடிக்கும் அந்தச் சின்ன மீனுக்காக
விடியுமுன்னே கிளம்பிவிடுகிறவர்கள்,
அதைப் பார்த்துத்தான் நடப்பார்கள்.

பழைய செயலி
ஒரு வரைபடத்தை நாற்பது நிமிடம் மென்றது.
அதனால் வாங்கினேன் புதியதை.
இரண்டு மாதச் சேமிப்பு,
தீப்பெட்டியை விடச் சிறிய சதுரம்.

முதலில் என்னைச் சந்தேகித்தேன்.
கம்பளிச் சட்டையைக் கழற்றி எறிந்தேன்.
சுவரோர வெந்நீர்க் குழாயைத் தொட்டு
உடம்பிலிருந்த மின்னை இறக்கினேன்.
மறுபடி திறந்தேன்.
பசை பயறளவு. சரிதான்.
ஊசிக்கால்கள் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம்;
விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்ததில்
மூலையில் ஒன்று தலை குனிந்திருந்தது.
முள் இல்லாத பேனாப் பென்சிலின் குழலை அதில் மாட்டி
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன்.
இதுதான், இதுவேதான் என்று
பொத்தானை அமுக்கினேன்.

இதுவல்ல.

நினைவகப் பட்டை ஒன்றைப் பிடுங்கினேன்.
மற்றதை இடம் மாற்றினேன்.
எட்டுக்கம்பி இணைப்பை
‘டக்’ கேட்கும்வரை அழுத்தினேன்.
நாணய பேட்டரியை எடுத்துவிட்டு
ஒரு தேநீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.
(ஆறிய தேநீரைக் குடிக்கவும் செய்தேன்.)
பலகை விளிம்பில் நான்கு குட்டி விளக்குகள்.
முதலாவது சிவந்தே நின்றது,
பாலம் தூக்கியிருக்கும்போது
இந்தப் பக்கம் நிற்கும் லாரி மாதிரி.

பதினொன்றரைக்குத்தான் உறைத்தது.
பலகையின் பயாஸ் ஏழு வருடப் பழசு.
இந்தச் செயலி பிறந்ததே அதற்குப் பின்.
யாரும் யாரையும் வெறுக்கவில்லை,
அறிமுகம் இல்லை, அவ்வளவுதான்.
அறிமுகத்துக்குப் புது பயாஸ் ஏற்ற வேண்டும்.
ஏற்ற, கணினி எழ வேண்டும்.
எழ, பழைய செயலி வேண்டும்.
பழையதை
வியாழக்கிழமை விற்றுவிட்டேன்,
இரண்டாம் மாடி கின்டௌடாஸுக்கு.

ஃபெர்ரி எஞ்சின்களோடு மல்லுக்கட்டுகிற ஆள்.
மயிர்த்தொப்பியும் உள்ளாடையுமாகக் கதவைத் திறந்தார்.
“கெட்டுப்போச்சா?”
“இல்லை. உங்களிடம் இருப்பது நல்லாயிருக்கு.
அதனால்தான் வந்தேன்.”
என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
“பணம் திரும்பத் தரமாட்டேனே” என்றார்.
அவர் பணம் தர வேண்டியதே இல்லை என்பதை
அவருக்குப் புரியவைக்கவே ஐந்து நிமிடம்.

மகளின் கணினியைக் கழற்றிக்கொண்டு
கடைசியில் மேலே ஏறி வந்தார்.
கையில் முட்டைப்பெட்டி.
ஒரு குழியில்
அலுமினியத் தாளில் சுற்றிய செயலி.
நான்கு குழிகளில் முட்டை.
“காலிப்பெட்டி கிடைக்கலை, ஔஷ்ரினே.”

பழையது உட்கார்ந்தது.
சிவப்பு போய், மஞ்சள், வெள்ளை, பச்சை.
திரை இருமிக்கொண்டு எழுந்தது.
பயாஸ் ஏறத் தொடங்கியது.
இப்போது மின்சாரம் போனால்
பலகையே பாழ் என்று சொல்லித் தொலைத்தேன்.
கின்டௌடாஸ் எழுந்து போய்
சுவர்ப் பிளக்கை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி
நூறு சதவிகிதம் ஆகும்வரை
நின்றுகொண்டே இருந்தார்.
அது விழாது என்று சொல்ல
எனக்கு மனசு வரவில்லை.

மறுபடி மாற்றினேன்.
முதல் விளக்கு சிவந்தது.
சிவந்தது.
அணைந்தது.

பேட்டரி எடுத்ததில் கணினி
தேதியை மறந்திருந்தது.
ஏழு வருடத்துக்கு முந்தைய ஜனவரி ஒன்று என்றது.
அந்த ஜனவரியில் நாங்கள் இருவரும்
படியில் எதிர்ப்பட்டால்
அஞ்சல்பெட்டியைப் பார்த்துக்கொண்டு நடப்போம்.

தேதியைத் திருத்தினேன்.
ஒன்பதே நிமிடத்தில் வரைபடம்.
தெற்கே, ட்ரெவெர்னா கரையோரம்
ஒரு விரற்கடைக்கும் குறைவு.
சிவப்புப் பூசி அனுப்பினேன்.

முட்டைகளை மேசையிலேயே விட்டுவிட்டு
அலுமினியப் பொட்டலத்தை இரண்டு கையிலும் ஏந்தி
கின்டௌடாஸ் படியிறங்கினார்,
ஒவ்வொரு படியையும்
கால்விரலால் சோதித்துச் சோதித்து.