இருபத்துமூன்று

என் கை மாம்பழம் அடுக்கிய கை.
அதனால்தான் கூப்பிட்டார்களாம்:
"மல்கோவாவைப் பம்பாய்க்கு அனுப்பி
ஒரு காயமில்லாமல் சேர்க்கிற ஆள்
செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறானாமே."
இருபது கொண்டை ஊசி ஏறினேன்,
இரண்டு மூட்டை வைக்கோலோடு.

ஹில்டா அம்மா மேசையில் பரப்பி வைத்திருந்தார்.
பிரான்சு தேசத்துப் பீங்கான்.
எஸ்டேட் போன மாதம் கைமாறிவிட்டது;
காப்பியும் மிளகும் வாங்கினவருக்குத்
தட்டு வேண்டாமாம்.
ஏலம் சென்னையில்.

விளிம்பெல்லாம் ரேஷன் மண்ணெண்ணெய் நீலம்,
அதன்மேல் மயிரிழைப் பொன்.
நடுவில் ஒரு பறவை:
கொண்டலாத்திக் கொண்டை, மயில் கழுத்து, கிளி வால்.
"சேர்வராயனில் இதை நான் பார்த்ததில்லையே?"
"எங்கேயும் கிடையாது.
வரைந்தவன் அவன் இஷ்டத்துக்கு
இறக்கை ஒட்டியிருக்கிறான்."
கழுத்தில் மட்டும் கீறல்மேல் கீறல்.
இருநூற்றைம்பது வருசமாய்
யார் யாரோ கறி அறுத்த கத்தி.

கவிழ்த்தால் அடியில் நீலக் குறி:
இரண்டு வளைவு பின்னி, நடுவே ஓரெழுத்து.
ராஜா பேரும் செய்த வருசமுமாம்.
மண்டியில் நாங்களும் பெட்டிக்கு
நீல மையில்தான் தோட்டத்துக்காரர் பேர் போடுவோம்.
அந்த வம்சத்து ராஜா ஒருத்தர்
தலையை வெட்டிவிட்டார்கள் என்றார்,
பக்கத்து எஸ்டேட் சங்கதி போல.

விரல் மடக்கி ஒவ்வொன்றாய்த் தட்டினேன்.
பழத்துக்கு மூக்கு, இதற்குக் காது.
டிங். டிங். டிங்.
பதினேழாவது 'டொக்' என்றது.
கண்ணுக்கு விரிசல் தெரியவில்லை.
அதற்கு மட்டும் இரண்டு பிடி வைக்கோல் கூட.

பட்டியலில் இருபத்துநாலு.
எண்ணினால் இருபத்துமூன்று.
மறுபடி எண்ணினேன். அந்தக் குளிரில் வியர்த்தது;
காணாமல் போனால் கடைசியாய்த் தொட்டவன் பேர்தானே வரும்.
சமையல் ராயப்பன் பின்கட்டைக் காட்டினார்.
சாம்பல் நிற நாய், ஒரு கண் பூத்தது,
ரசஞ்சோறு தின்றுகொண்டிருந்தது.
மண்ணெண்ணெய் நீலம்.
பொன் பாதி இல்லை.

பிடுங்கக் குனிந்தேன்.
கதவருகே நின்ற ஹில்டா அம்மா
"இருபத்துமூன்று என்று எழுது" என்றார்.
அவ்வளவுதான். கூலியை எண்ணிக் கொடுத்தார்,
பத்து ரூபாய் கூட.

இறங்கும்போது பெட்டி என் மடியில்.
வளைவுக்கு வளைவு மூச்சைப் பிடித்தேன்.
அடிவாரத்தில் வெள்ளைக்கல் குவாரி லாரி உரசிப் போனபோதும்
பதினேழாவது வாய் திறக்கவில்லை.

மேலே அந்நேரம்
நாய் நக்கி நக்கித் துடைத்துக்கொண்டிருக்கும்.
சோறு விலக விலக
முதலில் கொண்டை,
அப்புறம் கழுத்து.