எழுத்துக்கு நாற்பது ரூபாய்

மணிக்கூண்டைச் சுற்றி வழிகாட்டிப் பலகைகள்.
ஒப்பந்தம், எழுத்துக்கு நாற்பது ரூபாய்.
மயிலாடுதுறை நகராட்சி, என் மேசை.

ஓவியத்துக்கு ஒதுக்கிய பணம்
சாக்கடை மூடிக்குப் போயிருந்தது.
எழுத்துகளை நறுக்கினேன்.
தொடர்வண்டி நிலையம், ஜங்ஷன்.
பேருந்து நிலையம், பஸ்.
அரசுத் தலைமை மருத்துவமனை
வெறும் ஜி.எச்.

மிச்சத்துக்குப் பெயின்ட்.
கூறைநாட்டு யாகூப்
மார்க்கெட் சுவரில் எழுப்பினார்
ஆளுயர மீன்கொத்தி ஒன்றை.
பறவை எந்தத் தலைப்பில் செலவு
என்கிறது தணிக்கைக் கடிதம்.
பதில் எழுதவில்லை இன்னும்.

தை மாதம் நெல் லாரி இடித்ததில்
ஜி.எச். அம்புக்குறி
வானத்தைக் காட்டுகிறது.

நேற்று ராத்திரி
என்ஜின் அணைக்காமல் நின்றது ஓர் ஆட்டோ.
உள்ளே முனகல்.
பழக்கடை மாசிலாமணி
சில்லறை எண்ணியபடியே சொன்னார்:
"மீன்கொத்தி மூக்கு பாக்குற பக்கம் வுடு."