மீச்சிற்றளவு

ஐந்து மணிக்குப் போர்ட்டல் மூடிவிடும்.
அதற்குள் அறுபத்திரண்டு பேரை
இருபத்தைந்துக்குள் அடைத்தாக வேண்டும்.
தலைக்கு மேல் ஃபேன்
பெருந்துறையின் பங்குனி வெக்கையை
நிதானமாகக் கலக்கிக்கொண்டிருக்கிறது.

இரண்டு தேர்வின் சராசரிக்குப் பத்து.
அசைன்மெண்ட் ஐந்து, செமினார் ஐந்து,
வந்து உட்கார்ந்ததற்கு ஐந்து.
மிச்சம் எழுபத்தைந்தையும்
வேறொரு ஊரில், வேறொரு மேசையில்,
இவர்கள் முகம் பார்க்காத ஒருவர் போடுவார்.
அவருக்கு அது சுலபம்.

முதல் வகுப்பில் சொன்னேன்:
திருகு அளவியின் மீச்சிற்றளவு
மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு.
அதற்குக் கீழே இந்தக் கருவிக்குக் கண் கிடையாது,
தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதாதீர்கள்.
"தலமுடி கனமெல்லாம் அளக்குமுங்களா மிஸ்?"
கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல்
தன் முடியையே ஒன்று பிடுங்கினாள் பவதாரணி.
புள்ளி பூஜ்யம் ஏழு.
வகுப்பே தலையில் கைவைத்தது.

இன்று அவளுக்குப் பதினேழரை.
போர்ட்டல் அரையை வாங்காது,
சிவப்பெழுத்தில் முழு எண் கேட்கிறது.
"மேல தூக்கி உட்ருங்க, ஆரு கேக்கப் போறாங்க"
டீ டம்ளரோடு எட்டிப் பார்க்கிறார் சௌடேஸ்வரன் சார்.
தூக்கினேன். பதினெட்டு.
அதே தூக்கில்
பிரகதீஷின் ஒன்பதரையும் பத்தாகி ஏறிக்கொண்டது,
ஓடும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டவன் மாதிரி.

முப்பத்தேழாம் எண், கார்முகிலன்.
முதல் தேர்வில் பதினொன்று,
இரண்டாவதில் முப்பத்தெட்டு.
சராசரி இருபத்துநான்கரை.
இந்த இருபத்துநான்கரை யாரென்று தெரியவில்லை.
அப்படி ஒருத்தன்
இரண்டு நாளும் பரீட்சைக்கு வரவேயில்லை.

வந்தவனை எனக்குத் தெரியும்.
விஜயமங்கலம் மில்லில் ராத்திரி ஷிப்ட்,
புருவத்தில் பஞ்சு.
நிறமாலைமானி வைத்த இருட்டறையில்
சோடியம் விளக்கின் மஞ்சளில் நின்றபடியே தூங்குவான்.
அலகு நடத்திய அன்றைக்கு மட்டும் விழித்திருந்து,
"நூலுக்கு நம்பர் ஏற ஏறச் சன்னமாகுமுங்க மிஸ்,
நாப்பதவிட அறுவது மெலிசு" என்றான்.
எனக்கு அது தெரியாது.
சிலபஸிலும் இல்லை.
எந்தக் கட்டத்தில் போடுவது என்று இப்போது தேடுகிறேன்.

வருகை: தொண்ணூறு நாளில் அறுபத்தேழு.
எழுபத்துநாலு புள்ளி நாலு.
நாலென்றால் கீழே தள்ளச் சொல்லித்
தந்ததும் நான்தான்.
எழுபத்தைந்துக்குக் கீழே போனால்
பரீட்சையே எழுத முடியாது.

பண்ணாரி குண்டத்துக்குக் காப்புக் கட்டிய வாரம்
பாதி வகுப்பு மஞ்சள் துணியோடு காணாமல் போனது.
எல்லோருக்கும் ஓ.டி. கொடுத்தோம்.
காலேஜில் ஓ.டி. என்றால்
வராதவன் வந்ததாகக் கணக்கு.
மில்லில் ஓ.டி. என்றால்
வந்தவன் போகாமலிருப்பது.
இவனுக்கு இரண்டாவது வகைதான் கிடைத்தது.

எனக்கும் மணிக்கணக்குச் சம்பளம்தான்.
ஞாயிற்றுக்கிழமை திருத்திய கட்டுகள்
எந்த மணியிலும் சேரவில்லை.
இதை ஏன் இங்கே சொல்கிறேன், தெரியவில்லை.

பதிவேட்டைப் பிரித்தேன்.
பிப்ரவரி பன்னிரண்டு.
அவன் கட்டத்தில் மை கசிந்திருக்கிறது.
கோடா, சுழியா?
கண்ணை அளவுகோலுக்கு நேராக வையுங்கள்,
சாய்ந்து பார்த்தால் இடமாறு தோற்றப் பிழை வரும் என்று
தொண்டை வறள வறளச் சொன்னவள்
தலையைக் கொஞ்சம்
இடப்பக்கமாகச் சாய்த்தேன்.

கோடுதான்.

மணி நாலு ஐம்பத்திரண்டு.
முப்பத்தெட்டாம் எண்
அசைன்மெண்ட்டே வைக்கவில்லை.
"யாருப்பா இது ரித்விக்?"
காலி வராந்தாவில் கேட்கிறேன்.