பல்லைப் பிடித்துப் பார்த்தல்

மன்னார்குடி சாலையில்
உரக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே
பத்தடி அகலம் என் கடை.
பொக்லைனுக்குப் பல் விற்கிறேன்.
பல், பல்லைத் தாங்கும் ஆப்பு,
குறுக்கே செருகப் பின்,
பின் நழுவாமலிருக்க ஒரு ரப்பர் பூட்டு.
பெண் கேட்டு வந்தவர்களிடம்
"மெஹர் பல் டாக்டர் மாதிரிதான்" என்று
மாமியார் சொல்லிவைத்தார்.
பொய் இல்லை.

ஒரு பக்கெட்டுக்கு ஐந்து.
சம்மட்டியால் பின்னைத் தட்டினால்
பழையது கழன்று விழும்,
ரத்தமில்லை, பஞ்சில்லை.
புதியது நாலே கால் கிலோ.
எவ்வளவு பெரிய வண்டியாக இருக்கட்டும்,
மண்ணைத் தொடுவது
இந்தச் சாணளவு இரும்புதான்.

வைகாசியில் கூட்டம்.
மேட்டூர் திறக்குமுன் தூர்வாரி முடிக்க வேண்டும்.
அளவு தெரியத் தேய்ந்த பல்லைத்
துண்டில் சுற்றிக் கொண்டுவருவார்கள்.
கையில் வாங்கியதும் எனக்கு ஊர் தெரிந்துவிடும்.
கோட்டூர்க் களி பல்லைத் தின்னாது.
அப்பிக்கொள்ளும், சோப்புக்கட்டி மாதிரி
ஓரங்களை மழுக்கும்,
ஒரு செட் போட்டால் கோடை முழுக்கத் தாங்கும்.
மூலை உடைந்து வந்தால்
பழைய மதகு ஒன்றில் மோதியிருக்கிறது.
மணல் அப்படியில்லை.
மணல் சாணை பிடிக்கும்.
நாக்கு மாதிரி மெலிந்து
முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும்.

திருமேனி கொண்டுவந்தது அப்படி இருந்தது.
"வண்டி எங்க ஓடுது?"
"கோட்டூர்ப் பக்கந்தான்க்கா. வாய்க்கா."
பில்லிலும் அப்படியே போடச் சொன்னான்,
கான்ட்ராக்டர் பெயர், தூர்வாரும் பணி,
பத்து நாளில் மூன்றாவது செட்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
என் கடையில்
பல் போன பிறகுதான் பேச ஆரம்பிக்கிறது.
பழைய இரும்புத் தராசில் வைத்தேன்:
இரண்டு கிலோ அறுநூறு.
மீதி ஒன்று அறுநூற்றைம்பது
கொள்ளிடத்தில் எங்கோ கிடக்கிறது.
இல்லை, கிடக்கவில்லை,
லாரி ஏறிப் போய்விட்டது.

நான் ஏதும் கேட்கவில்லை.
முள் நிற்கும்வரை அதையே பார்த்திருந்தான்.
செருப்பு வாரில் ஈர மணல்.
"ராத்திரில லைட்டு போடக் கூடாதுன்னு உத்தரவுக்கா.
பல்லு கூழாங்கல்லுல உரசுறப்ப
சின்னதா ஒரு பொறி வரும்.
அந்த வெளிச்சத்துலதான்
தண்ணி எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பாத்துக்கறேன்."
சிரித்தான். மேல்வரிசையில் ஒன்று இல்லை அவனுக்கு.
அதற்கு மாற்று போடவில்லையா என்று கேட்க நினைத்தேன்.
பின்னையும் பூட்டையும் தனித்தனியாக எண்ணி
பையில் போட்டேன்.
'கோட்டூர் வாய்க்கால்' என்று எழுதினேன்.
என் கையெழுத்து அழகாகவே இருக்கும்.

மாடியில் ஒரு அறை எடுக்கிறோம்.
மூன்று யூனிட் மணல்,
அவன் சொல்லிவிட்டு வந்தது,
சந்தை விலையில் பாதி.
தானமாய் வந்த மாட்டைத்தானே
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது?
இது நான் காசு கொடுத்து வாங்கியது.
அப்போதும் பார்க்கவில்லை.

நேற்று என் மகள்
உடைந்த ஸ்பீக்கர் காந்தத்தை
மணல் குவியலுக்குள் விட்டு எடுத்தாள்.
கறுப்பாக, கம்பளிப்பூச்சி மயிர் போல
சிலிர்த்துக்கொண்டு ஒட்டியிருந்தது.
"ஆத்து மணல்னா அப்படித்தான் இருக்கும்" என்றார்
கொத்தனார் அந்துவான்.
"மலையிலேர்ந்து வர்ற இரும்பு."
இருக்கலாம்.
அவள் ஊதினாள். போகவில்லை.
விரலால் வழித்துப்
பூச்சுக் கலவையில் உதறிவிட்டு
அடுத்த பிடிக்குக் காந்தத்தை இறக்கினாள்.

இன்று காலை போன்.
மறுபடியும் ஐந்து பல்.
எடுத்துவைத்திருக்கிறேன்,
கல்லாவுக்குக் கீழே,
முனைகளைச் சுவர்ப்பக்கம் திருப்பி.